உள்ளங்காலில் வந்த கறுப்பு: மெலனோமா என்று சொல்லப்பட்டவர்களுக்கு ஒரு சக நோயாளி எழுதுவது

மெலனோமா என்ற பெயரைத் தருமபுரி மாவட்டத்தில் ஒருவர் முதன்முதலாகக் கேட்பது, பெரும்பாலும் தமக்கோ தம் வீட்டில் ஒருவருக்கோ அது வந்திருக்கிறது என்று மருத்துவர் சொல்லும்போதுதான். மார்பகப் புற்றுநோய், கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய், வாய்ப் புற்றுநோய் என்றால் ஊருக்கு ஒருவராவது அதைக் கடந்து வந்தவர் இருப்பார். அவரிடம் போய் உட்கார்ந்து விசாரிக்கலாம். தோலுக்கு நிறம் தரும் செல்களில் தோன்றும் இந்தப் புற்றுநோய் நம் நாட்டில் அரிது என்பதால் விசாரிப்பதற்கு ஆள் கிடைப்பதில்லை. பாலக்கோட்டுப் பக்கம் ஆசிரியராக இருக்கும் எனக்கு இந்நோய் இடது உள்ளங்காலில் வந்து, அறுவை சிகிச்சை முடிந்து, இப்போது தொடர் பரிசோதனையில் இருக்கிறேன். எனக்குச் சிகிச்சை அளித்த மருத்துவர் என்னைக் கேட்டுவிட்டு என் தொலைபேசி எண்ணை வேறு சில நோயாளிகளுக்குக் கொடுத்தார். அவர்கள் வழியாக இன்னும் சிலர் வந்தார்கள். அரூர், பென்னாகரம், ஊத்தங்கரை, தேன்கனிக்கோட்டை என்று பல ஊர்களிலிருந்து பேசுகிறார்கள். எல்லோரிடமும் சொல்லிவரும் செய்திகளை ஓரிடத்தில் எழுதி வைக்க வேண்டும் என்று தோன்றியது.

“தைரியமாக இருங்கள்” என்று அவர்களிடம் ஏற்கெனவே ஊரே சொல்லியிருக்கும். அடுத்த வாரம் என்ன நடக்கும், எந்தத் தாளை வாங்கி வைத்துக்கொள்ள வேண்டும், மருத்துவரிடம் எதைக் கேட்க வேண்டும் என்பது தெரிந்துவிட்டால் தைரியம் ஓரளவுக்குத் தானாகவே வருகிறது என்பதை என்னிடத்திலும் மற்றவர்களிடத்திலும் கண்டிருக்கிறேன். நான் மருத்துவன் அல்லன். சிகிச்சையை முடிவு செய்ய வேண்டியவர்கள் உங்களை நேரில் பார்க்கும் மருத்துவர்களே.

கைபேசியில் மெலனோமா என்று தேடினால் வெயில், தோல் கருகுதல், சன்ஸ்கிரீன் ஆகியவற்றைப் பற்றிய செய்திகளே வந்து நிற்கும். அவை வெள்ளைத் தோல் உடையவர்களை மனத்தில் கொண்டு எழுதப்பட்டவை. அவர்களுக்குச் சூரியனின் புற ஊதாக் கதிர்கள் முக்கியக் காரணம். நம் போன்ற கருநிறத் தோல் உடையவர்களுக்கு இந்நோய் அதிகமாகத் தோன்றும் இடங்கள் உள்ளங்கால், உள்ளங்கை, நகத்தின் அடி ஆகியவை. ஏக்ரல் மெலனோமா என்பது அதன் மருத்துவப் பெயர். வெயில் படாத இடத்தில் வரும் இந்த வகைக்கு வெயிலைக் காரணமாகச் சொல்ல முடியாது. காலில் தொடர்ந்து விழும் அழுத்தம் காரணமாக இருக்கலாம் என்ற கருத்து ஆராய்ச்சியாளர்களிடையே உண்டு, ஆனால் அது உறுதிப்படவில்லை. கேழ்வரகுக் கொல்லையில் வாழ்நாள் முழுவதும் வெறுங்காலோடு நடந்ததால்தான் தனக்கு வந்தது என்று தன்னையே நொந்துகொண்டிருந்த ஒரு பெரியவரிடம் நான் முதலில் சொன்னது இதைத்தான்.

உள்ளங்காலில் கறுப்பாக இருப்பதெல்லாம் மெலனோமா ஆகாது. நம்மில் பலருக்கு உள்ளங்காலில் தீங்கில்லாத கரும்புள்ளிகள் உண்டு. பல நகங்களில் மெல்லிய கோடுகள் இருப்பதும் இயல்பு. புதிதாகத் தோன்றி வளர்ந்துகொண்டே போகும் திட்டு, ஓரம் ஒழுங்கில்லாமல் ஒரே திட்டில் பழுப்பும் கறுப்பும் நீலமும் கலந்திருப்பது, ரத்தம் கசிவது, இரண்டு மாதமாகியும் ஆறாத புண், ஒரே ஒரு நகத்தில் அகலமாகிக்கொண்டே போய் நகத்தைச் சுற்றிய தோலுக்கும் பரவும் கறுப்புக் கோடு ஆகியவற்றைத் தோல் மருத்துவரிடம் காட்டியே ஆக வேண்டும். கறுப்பே இல்லாமல் இளஞ்சிவப்பாக, ஆறாத புண்போலவே இருக்கும் மெலனோமாவும் உண்டு. நம் பக்கத்தில் இவற்றைக் கால் ஆணி என்றும், முள் தங்கிவிட்டது என்றும் எண்ணி எருக்கம்பால் வைப்பதும், பிளேடால் சீவுவதும், கடையில் கால் ஆணிப் பிளாஸ்திரி வாங்கி ஒட்டுவதும் வழக்கம். பெண்கள் காலில் மருதாணி வைத்திருந்தால் திட்டின் மாற்றம் கண்ணுக்குப் படாமலே போய்விடும்.

திசுவில் சிறிது வெட்டி எடுத்துச் சோதிக்கும் பயாப்சிக்கு வருவோம். “கத்தி வெச்சா பரவிடும்னு சொல்றாங்களே அண்ணா” என்ற கேள்வி என்னிடம் வராத மாதமே இல்லை. பயாப்சி எடுப்பதால் மெலனோமா உடம்பில் பரவுவதில்லை. கத்திக்குப் பயந்து காத்திருக்கும் காலத்தில்தான் அது ஆழமாக இறங்குகிறது. கறுப்புத் திட்டைப் பரிசோதனைக்கு அனுப்பாமல் சுட்டோ லேசர் வைத்தோ எடுத்துவிடுவது கெடுதலானது. அப்படி எடுத்துவிட்டால் அது என்ன நோய், எவ்வளவு ஆழத்தில் இருந்தது என்பதைப் பிறகு யாராலும் சொல்ல முடியாது. ஆகவே உங்கள் காலிலிருந்து எதை வெட்டி எடுத்தாலும் அது பேத்தாலஜி ஆய்வகத்துக்குப் போகிறதா என்று கேளுங்கள். அந்தத் திசுவை மெழுகில் பதித்து வைத்திருப்பதை பிளாக் என்றும், கண்ணாடித் தகட்டில் எடுத்ததை ஸ்லைடு என்றும் சொல்வார்கள். பெரிய மருத்துவமனைக்குப் போகும்போது அவர்கள் முதலில் கேட்பது இவை இரண்டையும்தான். அறிக்கையோடு இவற்றையும் கேட்டுப் பெற்று, வெயில் படாத இடத்தில் பத்திரப்படுத்துங்கள்.

அறிக்கை கையில் வந்ததும் அதில் தேட வேண்டியது பிரெஸ்லோ தடிமன் என்ற ஒரு எண். நோய் தோலுக்குள் எத்தனை மில்லிமீட்டர் இறங்கியிருக்கிறது என்பதைச் சொல்லும் இந்த அளவை 1970இல் அலெக்சாண்டர் பிரெஸ்லோ என்ற அமெரிக்க நோய்க்குறியியல் மருத்துவர் முன்வைத்தார்; இன்றும் சிகிச்சையின் பெரும்பகுதி இதை வைத்தே முடிவாகிறது. 1 மி.மீ. அல்லது அதற்குக் குறைவு என்றால் பெரும்பாலும் அறுவை சிகிச்சையோடு முடிந்துவிடும். 4 மி.மீ.க்கு மேல் என்றால் மருத்துவர் கூடுதல் பரிசோதனைகளையும் மருந்தையும் பற்றிப் பேசுவார். மேல்தோல் உடைந்து புண்ணாகியிருக்கிறதா என்பதும் அறிக்கையில் இருக்கும். புண்ணாகியிருந்தால் அதே தடிமனுக்கும் கவனம் கூடுதலாகத் தேவை.

இங்கே ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். ஊத்தங்கரைப் பக்கத்திலிருந்து ஒரு அம்மா, தமக்கு நான்காம் நிலை என்று எழுதியிருக்கிறது, இனி மருத்துவம் எதற்கு என்று அழுதுகொண்டே பேசினார். அறிக்கையைப் படித்துக் காட்டச் சொன்னேன்; அதில் இருந்தது கிளார்க் நிலை நான்கு. கிளார்க் நிலை என்பது நோய் தோலின் எந்த அடுக்கு வரை இறங்கியிருக்கிறது என்பதைச் சொல்லும் பழைய கணக்கு. நோய் உடம்பில் வேறு உறுப்புகளுக்குப் பரவிவிட்டதைக் குறிக்கும் நான்காம் கட்டத்துக்கும் அதற்கும் தொடர்பில்லை. அடுத்த நாள் மருத்துவரும் அவருக்கு அதையே விளக்கினார், நெறிகளில்கூட, அதாவது நிணநீர்க் கணுக்களில்கூட, நோய் போகவில்லை என்று பிறகு தெரிந்தது. அறிக்கையில் உள்ள எந்த எண்ணையும் மருத்துவர் விளக்கும் வரை நீங்களாகப் பொருள்கொண்டு தூக்கத்தைக் கெடுத்துக்கொள்ளாதீர்கள்.

எங்கே போவது என்பது அடுத்த கேள்வி. தோல் மருத்துவரைப் பார்ப்பதற்கும் பயாப்சிக்கும் தருமபுரி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலோ கிருஷ்ணகிரி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலோ தொடங்கலாம். அதற்கு மேல் சேலம், பெங்களூருவின் கித்வாய் நிலையம், வேலூர் சி.எம்.சி., 1954இல் தொடங்கிய சென்னை அடையாறு புற்றுநோய் நிலையம் என்று இடங்கள் இருக்கின்றன. மெலனோமா அரிது என்பதால் அதைப் பார்த்துப் பழகிய மருத்துவர்கள் இருக்கும் பெரிய இடத்தில் ஒருமுறையாவது கருத்துக் கேட்பது நல்லது என்பது என் எண்ணம். ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் உள்ள குடும்பங்களுக்கு முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம் உண்டு. அதில் குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை கிடைக்கும். குடும்ப அட்டை, ஆதார், வருமானச் சான்று ஆகியவற்றை முதல் நாளே தயார் செய்யுங்கள். கர்நாடகத்துக்குப் போவதாக இருந்தால் அந்த மருத்துவமனையில் நம் அட்டை செல்லுமா என்பதைப் புறப்படுவதற்கு முன்பே கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். சிகிச்சைக்குப் போகும் புற்றுநோயாளிக்கும் உடன் செல்பவருக்கும் ரயிலில் கட்டணச் சலுகை இருக்கிறது. அதற்கு மருத்துவமனை தரும் படிவம் வேண்டும். கிருஷ்ணகிரி ஊருக்கு ரயில் இல்லை, ஆனால் தருமபுரியிலிருந்தோ ஓசூரிலிருந்தோ ஏறலாம்.

அறுவை சிகிச்சையில் திட்டை மட்டும் எடுப்பதில்லை. சுற்றியுள்ள நல்ல தோலையும் தடிமனைப் பொறுத்து 1 முதல் 2 செ.மீ. வரை எடுப்பார்கள். “இவ்வளவு பெரிய குழியா” என்று பார்த்தவுடன் அதிர்ச்சியாக இருக்கும், முன்கூட்டியே தெரிந்திருந்தால் அந்த அதிர்ச்சி குறையும். நகத்தின் அடியில் வந்திருந்தால் விரலின் ஒரு பகுதியையோ முழுவதையுமோ எடுக்க வேண்டியிருக்கலாம். தடிமன் 1 மி.மீ.க்கு மேல் இருந்தால் பொதுவாகத் தொடையிடுக்கில் உள்ள முதல் நெறியையும் சோதிப்பார்கள். காலில் ஒரு சாயத்தை ஊசியாகப் போட்டு, அது முதலில் போய்ச் சேரும் நெறியை மட்டும் எடுத்துப் பார்ப்பதே அந்த முறை. அந்தச் சாயத்தால் மறுநாள் சிறுநீர் நீலப் பச்சையாகப் போகும்; யாரும் சொல்லாவிட்டால் பயந்துவிடுவீர்கள், அதனால் சொல்கிறேன். அந்த நெறியில் நோய் இருந்தால் முன்பெல்லாம் தொடையிடுக்கிலுள்ள எல்லா நெறிகளையும் எடுத்துவிடுவது வழக்கமாக இருந்தது. எல்லாவற்றையும் எடுப்பதால் ஆயுள் கூடுவதில்லை என்று 2017இல் வெளியான ஒரு பெரிய ஆய்வு காட்டிய பிறகு, பலருக்கு அல்ட்ராசவுண்டு மூலம் கண்காணிப்பதே போதும் என்று மருத்துவர்கள் முடிவெடுக்கிறார்கள். எல்லா நெறிகளையும் எடுத்தால் கால் நிரந்தரமாக வீங்கிவிட வாய்ப்பு உண்டு. நின்று வேலை செய்து பிழைப்பவர்களுக்கு அது சிறிய விஷயமல்ல. ஆகவே “எனக்கு எல்லா நெறியையும் எடுக்க வேண்டுமா, கண்காணிக்கலாமா” என்று தயங்காமல் கேளுங்கள்.

காலில் எடுத்த இடத்தை மூடத் தொடையிலிருந்து தோல் எடுத்து வைப்பார்கள். காலைவிடத் தொடைதான் அதிகமாக எரியும். வைத்த தோல் பிடிக்கும் வரை பல வாரங்கள் அந்தக் காலை ஊன்றக் கூடாது என்பதே இந்தச் சிகிச்சையில் கடினமான பகுதி. அதற்கு வீட்டை முன்னதாகவே ஏற்பாடு செய்ய வேண்டும். குந்தி உட்காரும் கழிப்பறையை அந்த வாரங்களில் பயன்படுத்தவே முடியாது. கொல்லைப்புறத்தில் கழிப்பறை உள்ள வீடுகளில் இது பெரிய துன்பம். மேலே வைத்துப் பயன்படுத்தும் கமோடு நாற்காலியும் வாக்கரும் அறுவைக்கு முன்பே வீட்டுக்கு வந்துவிட வேண்டும். நோயாளி வீட்டுப் பெண்மணியாக இருந்தால் சமையலும் தண்ணீர் எடுப்பதும் மாடு கறப்பதும் யார் பொறுப்பு என்பதைக் குடும்பமாக உட்கார்ந்து முடிவு செய்யுங்கள். சொல்லாமல் விட்டால் அவரே எழுந்து நடப்பார், வைத்த தோல் பிரிந்துவிடும். ஆறிய பிறகும் அந்த இடத்தில் உணர்ச்சி குறைவாக இருக்கும், கல்லோ முள்ளோ ஏறினால் தெரியாது. நீரிழிவு நோயாளிகளுக்குத் தரும் எம்.சி.ஆர். செருப்பு போன்ற மென்மையான செருப்பு இல்லாமல் வாசலுக்குக்கூடப் போகாதீர்கள். இரவில் காலைக் கழுவித் துடைத்து வெளிச்சத்தில் பாருங்கள்.

மருந்துகளைப் பற்றிக் கேட்பவர்கள் “கரண்ட் வைப்பார்களா, கீமோ கொடுப்பார்களா” என்று தொடங்குகிறார்கள். மெலனோமாவுக்கு இவ்விரண்டும் முதன்மைச் சிகிச்சைகள் அல்ல. ஜமைக்கா நாட்டுப் பாடகர் பாப் மார்லிக்குக் கால் பெருவிரல் நகத்தின் அடியில் வந்ததும் நமக்கு வரும் இந்த வகைதான். 1977இல் கண்டறியப்பட்ட அந்நோயால் அவர் 1981இல் தம் 36ஆம் வயதில் இறந்தார். அவர் காலத்தில் இல்லாத மருந்துகள் இன்று இருக்கின்றன. உடலின் நோய் எதிர்ப்பு ஆற்றலுக்குப் போடப்பட்டிருக்கும் தடையை நீக்கி, அதையே புற்றுநோயின் மீது ஏவும் வழியைக் கண்டறிந்ததற்காக ஜேம்ஸ் அலிசன், தசுகு ஹோஞ்சோ இருவருக்கும் 2018இல் மருத்துவ நோபல் பரிசு கிடைத்தது. நிவோலுமாப், பெம்புரோலிசுமாப் என்ற மருந்துகள் அவ்வழியில் வந்தவை; சில வாரங்களுக்கு ஒருமுறை டிரிப்ஸாக ஏற்றுவார்கள். நம் உள்ளங்கால் வகையில் இவை வேலை செய்யும் விகிதம் வெள்ளையர்களின் தோல் வகையைவிடக் குறைவு. விலையும் லட்சங்களில் போகிறது. காப்பீட்டில் வருமா, மருந்து நிறுவனத்தின் உதவித் திட்டம் உண்டா, சேரக்கூடிய மருந்து ஆய்வு ஏதேனும் நடக்கிறதா என்று மூன்றையும் கேளுங்கள். நிலத்தை விற்பதற்கு முன், இந்த மருந்தால் உங்கள் நிலையில் என்ன எதிர்பார்க்கலாம் என்பதை மருத்துவர் வாயால் தெளிவாகக் கேட்டுவிட வேண்டும்.

நோய் முற்றிய நிலையில் இருப்பவர்கள் பிராஃப், கிட் ஆகிய மரபணு மாற்றங்களுக்கான சோதனையைப் பற்றியும் கேட்க வேண்டும். உள்ளங்கால் வகையில் பிராஃப் மாற்றம் குறைவாகவும், கிட் மாற்றம் மற்ற வகைகளைவிடக் கூடுதலாகவும் காணப்படுகிறது. கிட் மாற்றம் இருப்பவர்களில் சிலருக்கு இமாடினிப் மாத்திரை பயன் தருகிறது. 2013இல் உச்ச நீதிமன்றம் அம்மருந்துக்குக் காப்புரிமை மறுத்ததால் நம் நாட்டு நிறுவனங்கள் தொடர்ந்து அதைத் தயாரிக்கின்றன, எனவே ஊசி மருந்துகளோடு ஒப்பிட்டால் விலை மிகக் குறைவு.

எதிர்ப்பாற்றல் மருந்து எடுப்பவர்களுக்கு முடி கொட்டுவதும் வாந்தியும் அவ்வளவாக இருக்காது. அதனால் பக்க விளைவே இல்லை என்று எண்ணிவிடக் கூடாது. தடை நீங்கிய எதிர்ப்பாற்றல் குடலையும் நுரையீரலையும் கல்லீரலையும் தைராய்டையும் தாக்கக்கூடும், மருந்தை நிறுத்திப் பல மாதங்கள் கழித்தும் தாக்கக்கூடும். வயிற்றுப்போக்கு, மூச்சிரைப்பு, மஞ்சள் காமாலை, எழவே முடியாத சோர்வு ஆகியவற்றில் எது வந்தாலும் மருந்துக்கடை மாத்திரையோடு நிறுத்தாமல் அன்றே மருத்துவமனைக்குப் பேசுங்கள். சித்த மருந்தோ கஷாயமோ எடுத்துக்கொண்டிருந்தால் அதையும் மறைக்காமல் சொல்லுங்கள், ஏனென்றால் கல்லீரல் பாதிப்பு எதனால் வந்தது என்பதை மருத்துவர் பிரித்தறிய வேண்டும்.

நோயாளியிடம் நோயைச் சொல்லாமல் மறைக்கும் வழக்கத்தை நான் ஏற்பதில்லை என்பதற்கு இதுவும் ஒரு காரணம். பர்கூர்ப் பக்கத்து மாந்தோப்பு விவசாயி ஒருவரிடம், அவருக்கு ஏற்றுவது சத்து டிரிப்ஸ் என்று அவர் மகன் சொல்லியிருந்தார். வயிற்றுப்போக்கு வந்தபோது அந்தப் பெரியவர் மாம்பழம் சேரவில்லை என்று எண்ணி யாரிடமும் சொல்லவில்லை. மயங்கி விழுந்த பிறகே மருத்துவமனைக்குக் கொண்டுபோனார்கள், நல்லவேளையாகத் தேறினார். பிறகு மகன் எல்லாவற்றையும் சொன்னபோது அவர் அழவில்லை. கூட்டுறவுச் சங்கக் கடன் எவ்வளவு நிற்கிறது, தம்பி பெயரில் உள்ள பட்டாவை எப்போது பிரிப்பது என்று கேட்டாராம். தாம் செய்ய வேண்டியவற்றைச் செய்ய அவருக்கு நேரம் தேவைப்பட்டது. அந்த நேரத்தை அன்பின் பெயரால் வீட்டார் எடுத்துக்கொண்டிருந்தார்கள். எல்லாவற்றையும் ஒரே நாளில் கொட்ட வேண்டியதில்லை. அவர் கேட்கிற அளவுக்குப் பதில் சொல்லுங்கள், பொய் மட்டும் சொல்லாதீர்கள்.

பார்க்க வருபவர்களுக்கும் சில வார்த்தைகள். இது ஒட்டுவாரொட்டி நோயன்று. தட்டையும் தம்ளரையும் தனியாக வைக்கத் தேவையில்லை. யாருடைய பாவத்துக்கும் வந்த தண்டனையும் அன்று. பெரும்பாலும் இது பரம்பரையாக வருவதும் இல்லை. பெண்ணுக்கு வரன் பார்க்கும்போது இதை ஒரு குறையாகப் பேசுவது அநியாயம். உதவ விரும்பினால் ஆஸ்பத்திரிக்குத் துணையாகப் போய், மருத்துவர் சொல்வதை ஒரு நோட்டில் எழுதிக்கொண்டு வாருங்கள். நோயாளியின் காதில் பாதி வார்த்தைகள் விழுவதில்லை.

சிகிச்சை முடிந்த முதல் சில ஆண்டுகளில் சில மாதங்களுக்கு ஒருமுறை பரிசோதனை இருக்கும். இடையில் நீங்களே தழும்பையும், தழும்பிலிருந்து தொடையிடுக்கு வரையுள்ள தோலையும் பார்த்து, முழங்கால் மடிப்பின் பின்புறத்தையும் தொடையிடுக்கையும் தடவிப் பாருங்கள். புதிய கறுப்புக் குருணைகளோ நெறி கட்டியதோ தெரிந்தால் அடுத்த தேதிக்குக் காத்திருக்காதீர்கள். ஸ்கேன் நாள் நெருங்கும்போது வரும் பயம் எனக்கு இன்னும் போகவில்லை. எனக்குத் தெரிந்த எல்லோருக்கும் அப்படித்தான். தூக்கமே போய்விட்டால் 14416 என்ற அரசு மனநல உதவி எண்ணில் தமிழிலேயே பேசலாம்.

நோய் பரவிய நிலையில் இருப்பவர்களிடம் “இனி செய்வதற்கு ஒன்றுமில்லை” என்று யாரேனும் சொன்னால் அதை நம்பாதீர்கள். வலியைக் குறைக்கவும், புண்ணின் நாற்றத்தைக் கட்டுப்படுத்தவும், மூச்சுத் திணறலைத் தணிக்கவும் மருத்துவம் இருக்கிறது. மார்ஃபின் மாத்திரையை உரிய மருத்துவரின் மேற்பார்வையில் எடுப்பதற்குப் பயப்பட வேண்டாம். 2021 ஆகஸ்ட் 5 அன்று நம் கிருஷ்ணகிரி மாவட்டத்துச் சாமனப்பள்ளியில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில், வீட்டுக்கே வந்து செய்யும் வலி நிவாரணச் சேவையும் அடங்கும். அதற்கு உங்கள் ஊர் ஆரம்ப சுகாதார நிலையத்தில் நோயாளியின் பெயரைச் சொல்லிப் பதிவு செய்ய வேண்டும். படுக்கையில் விழும் வரை காத்திருக்காமல், வலி தொடங்கும்போதே போய்ப் பதிவு செய்யுங்கள்.